வீட்டில் இரண்டு வகை ஃபோன்: பிள்ளை எங்கே இருக்கிறான் என்று யார் பார்ப்பது?

பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அவன் அப்பாவின் பழைய ஐபோன் அவனுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரிதான். யாரும் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. அவருக்குப் புது ஐபோன், எனக்கு எப்போதும் போல ஆண்ட்ராய்டு. பையன் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி மேற்குத் தாம்பரத்துக்கு டியூஷன் போகிறான், வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் அவர் வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங்கில் இருப்பார். வண்டி ஏறிவிட்டானா, எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டியவள் நான். பார்க்கிற வசதி உள்ள ஃபோனோ அவர் கையில்.

ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' செயலி ஆண்ட்ராய்டில் கிடையாது. ஃபோனைத் தேட ஒரு செயலி, ஆளைத் தேட ஒரு செயலி என்று தனித்தனியாக வைத்திருந்ததை 2019-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்றுவரை அது ஆப்பிள் பொருள் வைத்திருப்பவர்களுக்குள்தான் ஓடுகிறது. சரி, கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போனால் அங்கே வேறு கதை. 2017-ல் வந்த அந்தச் செயலியில் அம்மா, அப்பா பார்ப்பதற்கான பாதி ஐபோனிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஆனால் பிள்ளையின் ஃபோன் ஆண்ட்ராய்டாக இருந்தால்தான் அதன் இடம் தெரியும்.

இதைப் பிள்ளைக்கு ஃபோன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளை கையில் ஆண்ட்ராய்டு என்றால், பெற்றோர் எந்த ஃபோன் வைத்திருந்தாலும் இருவரும் பார்க்கலாம். பிள்ளை கையில் ஐபோன் என்றால், ஐபோன் வைத்திருக்கும் பெற்றோருக்கு எல்லாம் தெரியும், மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான் நடக்கிறது. ஏனென்றால் யாரும் யோசித்து வாங்குவதில்லை. பழைய ஃபோன் இருக்கிறது, கொடுத்துவிடுகிறோம்.

கொடுக்கும்போது இன்னொன்றும் நடக்கும். அப்பாவின் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வராமலே ஃபோனைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். குடும்பம் முழுவதும் ஒரே கணக்கில் இருக்கிற வீடுகள் எனக்கே சில தெரியும். அப்படி இருந்தால் அப்பாவின் ஃபோட்டோவும் தொடர்பு எண்களும் பையன் ஃபோனில் வந்து விழும். தேடினால் வரைபடத்தில் பையன் பெயர் இருக்காது, அப்பா பெயரில் இரண்டு ஃபோன் இருக்கும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, குடும்பக் குழுவில் சேர்ப்பதுதான் முதல் வேலை. பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர்தான் அந்தக் கணக்கைத் திறக்க முடியும்.

சரி, கையில் ஐபோன் இருந்தாகிவிட்டது. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அம்மா என்ன செய்வது?

முதல் வழி, செயலியே வேண்டாம் என்பது. என் ஃபோனின் பிரௌசரில் ஆப்பிளின் ஐகிளவுட் தளத்துக்குப் போய், பையனின் கணக்கில் நுழைந்து, ஃபோனைத் தேடும் பக்கத்தைத் திறந்தால் ஐபோன் எங்கே இருக்கிறது என்று காட்டும். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு: வழக்கமாக நுழையும்போது கேட்கிற ஆறு இலக்கக் குறியீடு, ஃபோனைத் தேட மட்டும் தேவையில்லை. அந்தக் குறியீடு போய்ச் சேர வேண்டிய ஃபோனே காணாமல் போயிருக்கலாம் அல்லவா, அதனால்தான். ஆண்ட்ராய்டுக்கும் இதே போல கூகுளின் தேடும் பக்கம் உண்டு. எந்த பிரௌசரிலும் திறக்கும். சைலன்ட்டில் போட்டிருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அடிக்க வைக்கலாம். சோபா இடுக்கில் விழுந்த ஃபோனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் தினமும் சாயங்காலம் பையனின் பாஸ்வேர்டைப் போட்டு நுழைவது எனக்குச் சரிப்படவில்லை. அவனுடைய பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது என்றால் அவனுடைய ஃபோட்டோ, மெயில் எல்லாமே என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி வாட்ஸ்அப். 2017 அக்டோபரில் வந்த லைவ் லொகேஷன் எந்த ஃபோனிலிருந்தும் எந்த ஃபோனுக்கும் போகும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே அளவு. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அப்பாவுக்குக்கூட இது தெரியும். பேரன் ஊருக்கு ரயிலில் வரும்போது எட்டு மணி நேரம் போட்டுவிட்டால், 'மதுரை தாண்டிட்டான், கோவில்பட்டி வந்துட்டான்' என்று வீடு முழுக்க அறிவித்துக்கொண்டே இருப்பார். நீண்ட பயணத்துக்கு நல்ல ஏற்பாடு. தினப்படிக்கு உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பிள்ளைதான் ஞாபகமாக அழுத்த வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடுகிற பையனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வழியில்தான் நாங்கள் நின்றோம்: கூகுள் மேப்ஸ். இதில் இடத்தைப் பகிர்வது 2017-லிருந்து இருக்கிறது. அதற்கு முன் கூகுள் லாட்டிட்யூட் என்று ஒன்று 2009 முதல் 2013 வரை இருந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பையனின் ஐபோனில் மேப்ஸ் போட்டு, அவனுடைய கூகுள் கணக்கில் நுழைந்து, 'நிறுத்தும் வரை' என்று எனக்குப் பகிர்ந்தால், என் ஆண்ட்ராய்டில் அவன் முகம் போட்ட சின்ன வட்டம் தண்டவாளத்தை ஒட்டி நகர்வது தெரியும். பேட்டரி எத்தனை சதவீதம் என்றும் காட்டும். அந்த எண் எனக்கு இடத்தைவிட முக்கியமாகிவிட்டது. பேட்டரி 4 சதவீதம் என்று பார்த்திருந்தால், பிறகு ஃபோன் எடுக்கவில்லை என்று வயிறு கலங்காது.

ஆனால் போட்டவுடனே ஓடாது. ஐபோன் செட்டிங்ஸில் மேப்ஸுக்கு லொகேஷன் அனுமதி 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்றுதான் முதலில் இருக்கும். அதை 'எப்போதும்' என்று மாற்ற வேண்டும். பக்கத்திலேயே துல்லியமான இடம் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, 2020-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14-ல் வந்தது. அதை அணைத்து வைத்தால் பையன் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறான் என்கிற அளவுக்குத்தான் தெரியும். இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், சில நாள் கழித்து ஐபோனே பையனிடம் கேட்கும்: இந்தச் செயலி பின்னணியில் உன் இடத்தை இத்தனை தடவை எடுத்திருக்கிறது, தொடரட்டுமா? கூடவே போன இடமெல்லாம் புள்ளி வைத்த ஒரு வரைபடம். அதைப் பார்த்ததும் எந்தப் பிள்ளைக்கும் 'வேண்டாம்' என்று அழுத்தத்தான் கை வரும்.

ஆண்ட்ராய்டு பிள்ளைகளின் வீட்டில் வேறு தலைவலி. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பல கம்பெனி ஃபோன்கள் பின்னால் ஓடும் செயலிகளைத் தாமாகவே தூங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். சில ஃபோன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று இருப்பதையும் தேடிப் பிடித்து அனுமதிக்க வேண்டும். 'செயலி வேலை செய்யலை' என்று புலம்புகிற பெற்றோரில் பாதிப் பேருக்குச் செயலி நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோன்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது.

சரி, புள்ளி நகர ஆரம்பித்துவிட்டது. அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே.

டியூஷன் சென்டர் மேற்குத் தாம்பரத்தில், ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில். ஆனால் சில நாள் அவன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்தில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டும். ஃபோன் போட்டால், "க்ளாஸ்லதான்மா இருக்கேன், சார் பாக்கறாரு" என்று கிசுகிசுப்பான். அவன் சொல்வதுதான் உண்மை. திறந்த வானத்தின் கீழே ஃபோனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சமிக்ஞை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. கான்கிரீட் கூரைக்குள் நுழையும்போது ஒன்றும் மிஞ்சாது. உள்ளே போனதும் ஃபோன், பக்கத்து வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்களைப் படித்து, 'இந்த ரூட்டர் இந்தத் தெருவில் இருப்பது' என்று ஏற்கெனவே சேர்த்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தை ஊகிக்கிறது. யாராவது வீடு மாறும்போது ரூட்டரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், பட்டியல் திருந்தும்வரை அக்கம்பக்கத்து ஃபோன்கள் பழைய தெருவைச் சொல்லக்கூடும். வைஃபையும் இல்லாவிட்டால் செல்ஃபோன் டவர்தான் கதி. அது நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் காட்டும். ஊர்ப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கில்கூடத் தள்ளும்.

இப்போது நான் முதலில் பார்ப்பது புள்ளியை இல்லை. எப்போது பதிவான இடம் என்று கீழே சின்னதாகப் போட்டிருக்கும், அதைத்தான். 'இப்போது' என்றிருந்தால் நம்பலாம். 'இருபது நிமிடத்துக்கு முன்' என்றிருந்தால், அது இருபது நிமிடத்துக்கு முன் ஃபோன் இருந்த இடம், அவ்வளவே. ஃபோன் இருந்த இடம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஃபோனை நண்பன் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிற பிள்ளைக்கு எந்தக் கம்பெனியும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய ஃபைண்ட் மை-யில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் பையன் வீட்டிலேயே இருப்பதாகக் காட்டியது. இருந்தது ஐபேட். ஒரே கணக்கில் ஐபோனும் ஐபேடும் இருந்தால், எதன் இடத்தை 'என் இடம்' என்று அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க ஒரு வசதி இருக்கிறது. அது எப்படி ஐபேடுக்கு மாறியது என்று கேட்டேன். "அப்டேட் ஆச்சுல்ல, அதுல மாறியிருக்கும்மா" என்றான். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

பூட்டிவிடலாமே என்று என் நாத்தனார் சொன்னார். பூட்டலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்கிற கட்டுப்பாட்டு வசதிக்கு ஒரு கடவு எண் வைத்து, லொகேஷன் அனுமதிகளை மாற்ற முடியாதபடி செய்யலாம். அதற்குப் பெற்றோரிடம் ஐபோன் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பிள்ளையின் ஃபோனிலேயே வைக்கலாம். ஆனால் அந்தப் பூட்டு ஐபோனின் செட்டிங்ஸ் வரைக்கும்தான். மேப்ஸுக்குள்ளே போய் என் பெயரைத் தட்டி 'நிறுத்து' என்றால் நின்றுவிடும். ஆக, ஒரே கம்பெனிக்குள் இருக்கிற குடும்பத்துக்கு இறுக்கமான பூட்டு கிடைக்கிறது. கலந்து வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது, பிள்ளை நினைத்தால் அணைத்துவிடக்கூடிய ஒன்று. ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பதினாலு வயசுப் பையன் அணைக்க முடிந்தும் அணைக்காமல் வைத்திருக்கிறான் என்றால், எங்களுக்குள் ஏதோ ஒரு பேச்சு ஒத்துப் போயிருக்கிறது. பூட்டி வைத்த ஃபோனில் அதை நான் தெரிந்துகொள்ளவே முடியாது.

அந்தப் பேச்சு சும்மா வந்துவிடவில்லை. அவன் வைத்த நிபந்தனை: நானும் என் இடத்தை அவனுக்குக் காட்ட வேண்டும், மதியத்தில் பார்க்கக் கூடாது, பார்த்ததை வைத்துக்கொண்டு "எதுக்கு அந்த பேக்கரியில் பத்து நிமிஷம் நின்னே" என்று கேட்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம். நான் வைத்தது: அணைப்பதானால் சொல்லிவிட்டு அணை. மேப்ஸில் 'இந்த இடத்துக்கு வந்ததும் சொல்' என்று ஒரு அறிவிப்பு வைக்கலாம். அப்படி வைத்திருக்கிறோம் என்பது அவனுக்கும் தெரிந்துவிடும். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஒன்று வைத்தேன். அது அடித்தால் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். நாள் முழுக்க வரைபடத்தை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிள்ளைக்குத் தெரியாமல் பார்க்க வழி இருக்கிறதே என்று விளம்பரங்கள் வரும். நம்பரைப் போட்டால் இடம் காட்டும் என்கிற தளங்கள் முழு ஏமாற்று. டவர் விவரம் செல்ஃபோன் நிறுவனத்திடம் இருக்கும், போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுப்பார்கள், உங்களுக்கும் எனக்கும் கொடுக்க மாட்டார்கள். மறைந்து ஓடும் உளவுச் செயலிகள் உண்மையில் இருக்கின்றன, அதுதான் பயம். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ஸ்பைஃபோன் என்ற செயலியை நடத்தியவர்களை இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று தடுத்தது. திருட்டுத்தனமாகச் சேர்த்த தகவலைப் பாதுகாப்பாகவும் வைத்திருக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பெற்றோருக்கு என்று விற்கப்படும் எம்ஸ்பை-யிலிருந்து 2015, 2018, 2024 என்று மூன்று முறை தகவல் கசிந்தது. நம் பிள்ளையைக் காக்க என்று நாமே காசு கொடுத்து, முகம் தெரியாதவர்களுக்கு அவன் போகிற வழியைக் காட்டிக் கொடுப்பதுதான் நடக்கும்.

வெளிப்படையாக இயங்கும் செயலியையும் கொஞ்சம் விசாரித்துத்தான் போட வேண்டும். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் சமமாக ஓடுகிற குடும்பச் செயலி என்றால் எல்லோரும் லைஃப்360-ஐத்தான் சொல்வார்கள். வசதிக்குக் குறைவில்லை. 2021 டிசம்பரில் 'த மார்க்கப்' என்ற செய்தித் தளம், அந்த நிறுவனம் குடும்பங்களின் துல்லியமான இடத் தகவலைத் தரவுத் தரகர்களுக்கு, அதாவது தகவலை வாங்கி விற்கும் கம்பெனிகளுக்கு, விற்றுவந்ததை வெளியிட்டது. அடுத்த மாதமே பெரும்பாலான விற்பனையை நிறுத்தப்போவதாக நிறுவனம் சொன்னது. இதே செயலி மேல் அமெரிக்கப் பிள்ளைகள் அதற்கு முன்பே டிக்டாக்கில் போர் தொடுத்து ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். அதற்குப் பிறகு 2020-ல் 'பபிள்' என்று ஒரு வசதி வந்தது: பிள்ளை சில மணி நேரத்துக்குத் துல்லியமான இடத்துக்குப் பதில் பெரிய வட்டமாக மட்டும் தெரியலாம். எனக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது. மேப்ஸிலும் வந்தால் தேவலை.

நம் நாட்டில், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. நிறுவனங்கள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பள்ளி வேனில் போய்வரும் நேரத்தில் பாதுகாப்புக்காக இடத்தைப் பார்ப்பதற்கு 2025-ல் வந்த விதிகளில் விலக்கு இருக்கிறது. வீட்டுக்குள் அம்மா பார்ப்பதை இந்தச் சட்டம் தொடவில்லை. அதை வீட்டுக்குள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

பள்ளி நேரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்கள் பையனின் பள்ளியில் ஃபோனே கொண்டு போகக் கூடாது. அதனால் பக்கத்து ஃபிளாட்டில் தங்கள் பிள்ளையின் பள்ளிப் பையில், பொருளைத் தேட ஆப்பிள் விற்கும் சின்ன வில்லையான ஏர்டேக் போட்டார்கள். ஏர்டேகில் ஜிபிஎஸ் கிடையாது. அக்கம்பக்கத்து ஆப்பிள் ஃபோன்கள் அதன் புளூடூத்தைக் கேட்டு இடத்தைச் சொல்ல வேண்டும். ஐபோன்கள் நிறைந்த ஐடி கம்பெனி வாசலில் நன்றாக ஓடும். ஆண்ட்ராய்டுகளே நிறைந்த தெருவில் வெகுநேரம் ஊமையாக இருக்கும். இன்னொரு பக்கம், திருட்டுத்தனமாக ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்க ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் சேர்ந்து ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. உரிமையாளரை விட்டுப் பிரிந்த டேக் ஒன்று உங்களோடு நகர்ந்தால் உங்கள் ஃபோன் எச்சரிக்கும். யாரோடு அது தினமும் நகர்கிறது? வேன் டிரைவரோடு. பாவம், அந்த அண்ணன் ஃபோனை நீட்டி, "யாரோ என்னை ஃபாலோ பண்றாங்கன்னு வருதுக்கா, என்னன்னு பாருங்க" என்று பிள்ளைகளை ஏற்ற வந்த அம்மாக்களிடமே கேட்டிருக்கிறார்.

எல்லாமே படுத்துவிடும் நாளும் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் கரண்ட் போனது, பின்னாலேயே டவரும் போனது. அப்படி ஒரு நாளில் வரைபடத்தில் பழைய புள்ளி அசையாமல் நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடிக்கும். அதற்கு எங்கள் ஏற்பாடு மிகப் பழையது: என் நம்பரும் பெரியப்பா வீட்டு நம்பரும் அவனுக்கு மனப்பாடம், ரயில் நின்றுவிட்டால் ஸ்டேஷனிலேயே இரு, ஆள் வரும். கூடவே அவன் ஐபோனில் அவசரத் தொடர்பாக என் எண்ணைப் போட்டிருக்கிறோம். பக்கவாட்டு பட்டன்களைப் பிடித்து அவசர அழைப்பு போட்டால், அழைப்பு முடிந்ததும் அவன் இருக்கும் இடம் எனக்கு மெசேஜாக வரும். அது ஆண்ட்ராய்டா ஐபோனா என்று பார்க்காது. அவசர உதவிக்கான 112 எண்ணைச் சின்னவளுக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று.

அடுத்த வருடம் சின்னவள் ஆறாம் வகுப்பு. பள்ளி மாறுகிறது, தனியாகப் பஸ்ஸில் வர வேண்டும். அவளுக்கும் தன் பழைய ஐபோன் என்று அவர் ஆரம்பித்தார். நான் விடவில்லை. அவளுக்குப் பதின்மூன்று ஆக இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது, எப்படியும் அவள் கணக்கை நாங்கள்தான் திறக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று வாங்கி ஃபேமிலி லிங்க் போட்டால், அவர் ஐபோனிலும் என் ஃபோனிலும் ஒரே மாதிரி தெரியும், மீட்டிங் முடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். மாமியாரோ பட்டன் ஃபோன் போதும் என்கிறார். அண்ணனுக்கு ஐபோன், எனக்கு மட்டும் ஏன் ஆண்ட்ராய்டு என்பது சின்னவளின் கட்சி. இன்னும் முடிவாகவில்லை. தீபாவளி ஆஃபரில் விலை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.